வியட்நாம் கிராமத்தில் சைக்கிளும் ஹோம்ஸ்டேயும்: மாய் சௌவா, பென் ட்ரேவா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் வியட்நாம் போறோம். ஹனோய், ஹாலாங் விரிகுடா ரெண்டுக்கும் டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டாச்சு. நடுவில் கொஞ்ச நாள் வேணும்னே காலியா விட்டிருக்கோம். வயல் நடுவே சைக்கிள் ஓட்டிட்டு, ராத்திரி யாராவது வீட்டில் தங்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

விவரம்: நான் தினமும் சைக்கிள் மிதிக்கிறவள். அவருக்கு முழங்கால் தகராறு, சமதரையில் ஓட்டுவார், மேடு ஆகாது. நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அவர் எல்லாம் சாப்பிடுவார்.

தேடினதில் மாய் சௌ, பென் ட்ரே ரெண்டு ஊர்ப் பேரும் திரும்பத் திரும்ப வருது. மாய் சௌ பணம் பார்த்துக் கெட்டுப்போச்சுன்னு ஒரு பக்கம் திட்டுறாங்க. போனவங்க சொல்லுங்க.

ஹனோய்வாசி:
மேடம், முதல்ல வரைபடத்தை விரிச்சுப் பாருங்க. ஹனோயிலிருந்து சைகோனுக்கு (இப்போ ஹோ சி மின் நகரம்) ரயில் பாதையே 1,726 கி.மீ. பென் ட்ரே அந்த சைகோனுக்கும் தெற்கே, மீகாங் கழிமுகத்தில் இருக்கு. மாய் சௌ ஹனோய்க்குத் தென்மேற்கே சுமார் 140 கி.மீ., வேனில் நாலு மணி நேரம். ஹனோய், ஹாலாங் போற பயணத்தில் பென் ட்ரேவைச் செருகினா, விட்டுவச்ச நாளில் பாதி விமான நிலையத்திலேயே கழியும்.

ரெண்டாவது, பருவம். மாய் சௌ பள்ளத்தாக்கில் வருஷத்துக்கு ரெண்டு போகம். ஒரு அறுவடை மே கடைசி, ஜூனில். இன்னொன்று செப்டம்பர், அக்டோபரில். நீங்க போற நேரம் கதிர் முற்றி மஞ்சளா நிற்கலாம், இல்லன்னா பாதி வயல் அறுத்துத் தாளா கிடக்கலாம். ரெண்டுமே நல்ல காட்சிதான். வெயிலும் ஜூன், ஜூலை மாதிரி வாட்டாது. டிசம்பர், ஜனவரியில் போறவங்க பச்சை வயல் படத்தைப் பார்த்துட்டுப் போய், குளிரில் நடுங்கி, மூடுபனியில் காய்ஞ்ச தரையைப் பார்த்துட்டு வந்து ஊரைத் திட்டுறாங்க. அது ஊர் குத்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. செப்டம்பர், அக்டோபரில் புயலும் வரும். 2024 செப்டம்பர் 7-ல் கரை ஏறின யாகி புயல் வடக்கு வியட்நாம் மலைப்பகுதிகளை என்ன பாடு படுத்துச்சுன்னு தெரியும். போறதுக்கு முந்தின வாரம் வானிலையைப் பார்த்துக்கோங்க. மழை கொட்டுச்சுன்னா மலைச்சாலையில் மண் சரியும்.

இன்னொன்று, பெயர்க் குழப்பம். 2025 ஜூலை 1 முதல் வியட்நாம் 63 மாகாணங்களை 34 ஆக்கிடுச்சு, மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துட்டாங்க. மாய் சௌ இருந்த ஹோவா பின் இப்போ ஃபூ தோ மாகாணத்தில் சேர்ந்தாச்சு. பென் ட்ரே, வின் லோங்கோடு சேர்ந்தாச்சு. வேன்காரங்க, தங்குமிடம் நடத்துறவங்க எல்லாம் இன்னமும் பழைய பெயரைத்தான் சொல்றாங்க. முகவரி ஒத்துப்போகலன்னு பதறாதீங்க.

குறைசொல்லி:
நான் மாய் சௌ போயிருக்கேன். பான் லாக் என்ற ஊருக்குத்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போறாங்க. பேரு ஹோம்ஸ்டே. ஒரே கூடத்தில் வரிசையா முப்பது மெத்தை. கீழே கடை. கடையில் தொங்குற துணியில் பாதிக்கு மேல் மில் துணி. பேட்டரி வண்டி ஓடுது. ராத்திரி தீ மூட்டி, ஸ்பீக்கர் வச்சு, மூங்கில் நடனம். அப்புறம் பதினொரு மணி வரை கரோக்கே. வீட்டுக்காரங்க நம்மகிட்ட உட்கார்ந்து பேசின நேரம் மொத்தம் பத்து நிமிஷம், அதுவும் கணக்கு முடிக்கும்போது. இதுக்கு ஹனோயில் ஓட்டல் போட்டுத் தூங்கலாம். உண்மையான கிராமம் வேணும்னா அங்கே போகாதீங்க.

ஹனோய்வாசி:
குறைசொல்லி சார், நீங்க சனிக்கிழமை போயிருக்கீங்க. சரிதானே?

குறைசொல்லி:
சனிக்கிழமைதான். அதனால என்ன?

ஹனோய்வாசி:
அதுதான் எல்லாமே. சனிக்கிழமை ராத்திரி பான் லாக்கில் இருக்கிறது ஹனோய் கூட்டம். ஆபீஸ் குழு, கல்லூரிப் பசங்க, பேரன் பேத்தியோட பெரிய குடும்பம். கரோக்கே அவங்களுக்காக. அவங்க ஊர், அவங்க விடுமுறை. வெள்ளைக்காரனும் நாமும் வந்து "அமைதி எங்கே?"ன்னு கேட்கிறதுதான் எனக்கு வேடிக்கையா இருக்கு. ஞாயிறு மத்தியானம் வேன் எல்லாம் கிளம்பிடும். ஞாயிறு ராத்திரியிலிருந்து வியாழன் வரை அதே ஊரில் தவளைச் சத்தம்தான்.

"உண்மையான கிராமம்" என்ற பேச்சுக்கு வர்றேன். மாய் சௌவில் இருக்கிறவங்க பெரும்பாலும் வெள்ளைத் தாய் இனத்தவர். தாய்லாந்துக்காரங்க இல்லை, மொழியளவில் உறவு. தரையிலிருந்து ஆளுயரம் தூக்கிக் கால் நட்டுக் கட்டின வீடு அவங்களுடையது. முன்னே கீழ்த்தளத்தில் எருமை, கலப்பை, விறகு. இப்போ சைக்கிள், சாப்பாட்டு மேசை, தறி. 1990கள்ல இருந்தே இந்த ஊர் விருந்தாளிகளுக்கு மெத்தை போட்டுப் பிழைக்குது. இன்னைக்குச் சமையல்கட்டில் நிற்கிற பொண்ணு அந்தத் தொழிலிலேயே பொறந்து வளர்ந்தவ. அவகிட்ட போய் "நீ உண்மையா இல்லை"ன்னு சொல்ல நாம யாரு? அது சத்திரம். நல்ல சத்திரம். வீட்டுக்காரங்க கீழேயோ பின்கட்டிலோ இருக்காங்க, உங்களுக்குச் சமைக்கிறாங்க, காலையில் வயலுக்குப் போறாங்க. நம்மோட உட்கார்ந்து கதை பேசணும்னு அவங்க சீட்டு எழுதிக் கொடுக்கலை.

தங்குற ஊரை விடுங்க, மிதிக்கிற பாதையைப் பாருங்க. பான் லாக், ஒட்டியிருக்கிற போம் கூங் ரெண்டையும் தாண்டினா பான் வான், பான் ஞோட், பான் புவோக் என்று சின்னச் சின்ன ஊர்கள். எல்லாத்தையும் இணைக்கிறது சிமென்ட் பாதை, மோட்டார் சைக்கிள் ரெண்டு ஒதுங்கிப் போற அகலம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், சுத்திலும் செங்குத்தான சுண்ணாம்புக் குன்று. பள்ளத்தாக்கின் அடி முழுக்கச் சமதரை, முழங்காலுக்குத் தோது. வாய்க்கால் மதகில் வாத்துக்கூட்டம் பாதையை மறிக்கும், வாத்து ஓட்டுறவன் குரல் கேட்கிற வரை நீங்க ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டை அடைச்சு நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. மரப்பலகையால் ஒரு பாட்டி வரிவரியா இழுத்துவிட்டுட்டே இருப்பாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்து வளர்ந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்றேன்: நெல் மேல ஏத்தாதீங்க, இறங்கித் தள்ளிட்டுப் போங்க. இறங்குறவங்களை அந்தப் பாட்டிகள் கவனிக்கிறாங்க. அந்தத் தலையசைப்பு குறைசொல்லி சாருக்குக் கிடைக்காத பத்து நிமிஷத்தைவிடப் பெரிசு.

குறைசொல்லி:
நீங்க சொல்றது நியாயமா இருக்கு. ஆனா அப்போ அதை "குடும்பத்தோடு தங்கும் அனுபவம்"னு விற்கக் கூடாது இல்லையா? விலை ஏத்துறதே அந்தப் பேரை வச்சுத்தான்.

ஹனோய்வாசி:
விற்கிறது பெரும்பாலும் ஹனோயில் உட்கார்ந்திருக்கிற இடைத்தரகர். அதில் உங்களோடு சண்டையில்லை. கூட்டுத் தூக்கத்துக்குக் கூடத்தில் ஒரு மெத்தை, கொசுவலை, போர்வை சேர்த்து ஆளுக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் டோங் என்றுதான் நேரில் விசாரிச்சப்போ சொன்னாங்க. நம்ம பணத்தில் சுமார் ஐநூறு ரூபாய் வரை. ராத்திரிச் சாப்பாடு தனி, அதுவும் அதே அளவு. இதையே தொகுப்பா வாங்கினா எவ்வளவு ஆகுதுன்னு நீங்களே ஒப்பிட்டுக்கோங்க.

இரட்டைப்பெடல்:
கோவையிலிருந்து. கொஞ்சம் சைக்கிள் பத்திப் பேசுவோம், எல்லாரும் தத்துவத்துக்குப் போயிட்டீங்க 🙂

அங்கே வாடகைக்குத் தர்ற சைக்கிள் ரெண்டு வகை. கூடை வச்ச, கியர் இல்லாத ஊர் சைக்கிள் ஒண்ணு, பல வீடுகளில் இலவசம் அல்லது சொற்பம். இன்னொண்ணு கியர் வச்ச மலை சைக்கிள், கொஞ்சம் கூட. பள்ளத்தாக்குக்குள்ள மட்டும்னா கூடை சைக்கிளே போதும். எடுக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம்: ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க. இருக்கைக் கம்பியில் எவ்வளவு நீளம் மிச்சம் இருக்குன்னு பாருங்க, ஏன்னா அந்த ஊர் உயரத்துக்கு இறக்கி வச்சு, துருப்பிடிச்சு, ஏறவே ஏறாது. இருக்கை தாழ்ந்தா முழங்கால்தான் முதல்ல வலிக்கும், உங்க வீட்டுக்காரருக்கு இது முக்கியம். மூணாவது, செயின். எண்ணெய் இல்லாம கிரீச்சுன்னா சமையல் எண்ணெயாவது கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டுக்கோங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

துங் கே கணவாயில் இறங்குறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. ஹனோயிலிருந்து வர்ற 6-ம் எண் நெடுஞ்சாலை அந்தக் கணவாய் வழியாத்தான் வருது. வெள்ளைப் பாறையைக் குடைஞ்ச சாலை, ஓரத்தில் அவிச்ச சோளமும் மூங்கில் குழாய்ச் சோறும் விற்கிற குடிசைகள், கீழே பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். படம் எடுக்க அருமையான இடம். ஆனா லாரி, கன்டெய்னர், திடீர் மூடுபனி. வாடகை சைக்கிள் பிரேக்கை நம்பி அங்கே இறங்குறது பைத்தியக்காரத்தனம். வேனிலேயே உட்கார்ந்து வாங்க.

மலை ஏற ஆசைப்படுறவங்களுக்கு (மேடத்துக்கு இல்லை): மாய் சௌவிலிருந்து தெற்கே மா ஆற்றை ஒட்டி இறங்கிப் போனா தான் ஹோவா மாகாணத்தில் பூ லுவோங் வனக் காப்பகம். படிப்படியா வெட்டின நெல் வயல், ஓடைத் தண்ணியே சுத்திவிட்டு வயலுக்கு நீர் ஏத்துற மூங்கில் சக்கரங்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனா ஆத்தோரம் கடந்ததும் ஏத்தம் செங்குத்து, எதிரே தடிமனான மூங்கிலை வாலா நீட்டிக்கிட்டு லாரி வரும். வளைவில் அந்த வால் நம்ம பாதைக்குள்ள வீசும். இதைச் சொல்லாம பூ லுவோங்கைப் பரிந்துரைக்கிறவங்க மேல எனக்குக் கோபம்.

ஸ்கூட்டர் எடுத்துக்கலாமேன்னு யாராவது சொல்வாங்க. வியட்நாம் ஏத்துக்கிறது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி கொடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை. நம்ம ஆர்டிஓ கொடுக்கிறது 1949 உடன்படிக்கைப்படி. வாடகைக்குக் கொடுக்கிறவன் எதுவும் கேட்க மாட்டான். விழுந்தா காப்பீட்டுக்காரன் கேட்பான்.

தயிர்சாதம்:
சைவச் சகோதரி ஒருத்தர் கேட்டிருக்காங்க, ஒருத்தரும் சாப்பாட்டைத் தொடலை! நானே வர்றேன்.

நகரத்தில் கவலையே இல்லை. பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சைவம் இருக்கிற வழக்கம் உண்டு, அதனால் சைவ உணவகம் தெருவுக்குத் தெரு. மலை கிராமத்தில்தான் சிக்கல். அங்கே காய்கறி நிறைய, ஆனா கீரையை வதக்குறது பன்றிக் கொழுப்பில், உப்புக்குப் பதில் மீன் சாறு. "இறைச்சி வேண்டாம்"னு மட்டும் சொன்னா மீன் சாறு ஊத்தின கீரை சிரிச்ச முகத்தோடு வரும். அவங்க மேல தப்பில்லை, அவங்களுக்கு அது மீனே இல்லை, உப்பு.

அதனால வியட்நாமிய மொழியில் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கோங்க. இறைச்சி, மீன், மீன் சாறு, இறால் விழுது, முட்டை, பன்றிக் கொழுப்பு ஒவ்வொண்ணா பேர் சொல்லி வேண்டாம்னு இருக்கணும். கடைசி வரியா "உப்பு, கடலை எண்ணெய், பூண்டு போதும்". முதல் நாளே அனுப்பினா அவங்களுக்கும் நிம்மதி. அப்புறம் பாருங்க: பூண்டு போட்டு வதக்கின தண்ணீர்க்கீரை, தக்காளிச் சாறில் டோஃபு, அவிச்ச மூங்கில் குருத்து, வறுத்த நிலக்கடலை, கூடவே ஒட்டரிசிச் சோறு. அந்தப் பள்ளத்தாக்கு ஒட்டரிசிக்கே பேர் போனது. மூங்கில் குழாயில் சுட்ட சோத்தை உரிச்சு, எள்ளும் உப்பும் பொடிச்ச தூளில் தொட்டுச் சாப்பிட்டா எனக்கு நம்ம எள்ளுப்பொடியே தேவைப்படலை. இருந்தாலும் ஒரு டப்பா பருப்புப்பொடி கொண்டு போங்க.

ஹனோய்வாசி:
தயிர்சாதம் சொன்ன சீட்டை நானே எழுதி இங்கே போடலாம், ஆனா இங்கே எழுத்து உடைஞ்சு போகும். தனி மடல் அனுப்புங்க மேடம்.

ராத்திரி ஊத்திக் கொடுக்கிற அரிசிச் சாராயம் பத்தியும் சொல்லிடறேன். ஜாடியில் நீளக் குழாய் வச்சு எல்லாரும் சேர்ந்து உறிஞ்சுறது இனிப்பா, லேசா இருக்கும். சின்னக் கிண்ணத்தில் வர்றது அப்படி இல்லை. வேண்டாம்னா நெஞ்சில் கை வச்சுச் சிரிச்சா விட்டுடுவாங்க, முதல் கிண்ணத்திலேயே சொல்லிடணும். மூணாவதில் சொன்னா எடுபடாது. நடனம் ஆடக் கூப்பிட்டா போங்க. தாய் மக்களின் சோவே நடனம் 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கையைக் கோத்து வட்டமா நடக்கிறதுதான், முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது.

வடமராட்சியான்:
அக்கா, நாங்கள் பென் ட்ரேக்குப் போனனாங்கள். ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை, அதால எழுதுறன்.

எனக்கு அது சரியாப் பிடிச்சது. ஒழுங்கை ஒழுங்கையாப் போகும், ரெண்டு பக்கமும் தென்னை, நிழலுக்குக் குறைவில்லை. மேடு எண்டு ஒண்டுமில்லை, பாலம் ஏறுற மேடுதான். வாய்க்கால் வந்தால் சின்னப் படகில சைக்கிளோட ஏத்தி அக்கரையில விடுவினம். தேங்காய்ப்பாலும் சீனியும் காய்ச்சி மிட்டாய் செய்யிற கொட்டில்கள் கிடக்கு, சுடச்சுட வெட்டி, திங்கக்கூடிய அரிசித்தாளில சுத்தித் தருவினம். பொச்சு, சிரட்டை, மட்டை ஒண்டையும் வீணாக்காயினம்.

வீடுகளுக்குப் பக்கத்தில பெரிய பெரிய சாடி வச்சு மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருக்கினம். ஏனெண்டு கேட்டன். கோடையில ஆறு இறங்க, கடல் தண்ணி உள்ள ஏறும். 2016லயும் 2020லயும் சரியான மோசமாம், பழத்தோட்டங்கள் பட்டுப்போச்சு. வீட்டுக்காரர் ஒரு ரம்புட்டான் மரத்தின்ர அடியைக் காட்டி, இதுக்குப் பிறகு தென்னையும் பொமெலோவும்தான் எண்டார். உவர்க்கிணறோட வளர்ந்த எனக்கு அவர் சொன்னது விளங்கினது.

ஆனால் அக்டோபர் எண்டால் யோசியுங்கோ. அங்க அது மழைக்காலம், ஆறும் நிரம்பி நிக்கும், தாழ்ந்த ஒழுங்கைகளில தண்ணி ஏறும். டிசம்பரில இருந்து மார்ச் வரைதான் நல்லது. இந்த முறை மாய் சௌ போங்கோ, பென் ட்ரேயை அடுத்த முறைக்கு வையுங்கோ. அப்ப சைகோனில மாரியம்மன் கோயிலையும் பாருங்கோ. எங்கட ஆக்கள் பிரெஞ்சுக்காரற்ற காலத்தில கட்டினது, இப்ப வியட்நாம் சனமே ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுது.

சும்மாபார்ப்பவன்:
திருச்சியிலிருந்து சைகோனுக்கு நேரடி விமானமே 2023-ல் ஆரம்பிச்சாங்களே. அப்போ தெற்கிலேயே முடிச்சிருக்கலாமே மேடம்?

காவிரிக்கரை:
ஹாலாங் பார்க்கணும்னு அவர் பிடிவாதம் தம்பி 😄 டிக்கெட் போட்டாச்சு, இனி மாத்த முடியாது.

எல்லாருக்கும் நன்றி. மாய் சௌதான், முடிவு பண்ணிட்டோம். ஞாயித்துக்கிழமை போய் இறங்குற மாதிரி வச்சிருக்கேன். ஹனோய்வாசி சார், ஒரு சந்தேகம். கால் நட்டு உயர்த்தின வீடுன்னீங்க. படி எப்படி? கழிப்பறை மேலேயா கீழேயா? அவருக்கு ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கணும்.

ஹனோய்வாசி:
நல்ல கேள்வி, இதை யாரும் கேட்கிறதே இல்லை. பழைய பாணி வீட்டில் கழிப்பறை கீழே, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே தனிக் கட்டடம். படி மரப்படி, செங்குத்து, செருப்பைக் கீழேயே விடணும், மழை நாளில் வழுக்கும். தரை மூங்கில் பட்டை. ஒருத்தர் எழுந்து நடந்தா கூடமே அசையும், எல்லாருக்கும் தெரியும். மெத்தையும் தரையோடு தரையா இருக்கும், முழங்கால் மடக்கி எழுந்திருக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு இது வேண்டாம்.

இப்போ அதே குடும்பங்கள் பின்பக்கத் தோட்டத்தில் தரையோடு சின்ன அறைகள் கட்டியிருக்காங்க. கட்டில், உள்ளேயே கழிப்பறை, வயலைப் பார்த்த மாதிரி திண்ணை. விலை மூணு நாலு மடங்கு, ஆனா சமையல் அதே அடுப்பு. அதை எடுங்க. பெரிய வீட்டைச் சாப்பிடும்போது பார்த்துக்கலாம்.

குறைசொல்லி:
அறை, கட்டில், திண்ணை. ஓட்டல்னு நான் சொன்னதுக்குத்தான் வந்து நிற்கிறீங்க!

ஹனோய்வாசி:
வந்துட்டேன், ஒத்துக்கறேன். முழங்கால் வலிக்கிறவருக்கு அது ஓட்டலாவே இருக்கட்டும் சார்.

இரட்டைப்பெடல்:
காலை அஞ்சு மணி ஒலிபெருக்கி பத்தி யாருமே சொல்லலையே? கம்பத்தில் கட்டின ஸ்பீக்கரில் ஊர் அறிவிப்பும் பாட்டும் வரும். சில ஊர்களில் இன்னும் உண்டு. அலாரம் வேண்டாம், எழுந்து வெயிலுக்கு முன்னாடி மிதிச்சுட்டு வந்துடலாம்.

மட்டறுத்துநர்:
விசா பற்றித் தனி மடலில் பலர் கேட்கிறார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை மின்விசா. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் நிறைய. மற்ற விசாக் கேள்விகளுக்கு வேறு இழை இருக்கிறது.

ஹனோய்வாசி:
மட்டறுத்துநர் விட்டதை நான் முடிக்கிறேன். பாஸ்போர்ட்டைத் தங்குற வீட்டில் கேட்பாங்க, வெளிநாட்டவர் தங்கினா காவல்துறையில் பதிவு பண்ணணும் என்பது சட்டம். படம் எடுத்துக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டா போதும், அசலை ராத்திரி முழுக்க விட வேண்டாம். கிராமத்தில் ரொக்கம்தான், கார்டு எதிர்பார்க்காதீங்க. 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் ரெண்டுமே நீலம், மங்கின வெளிச்சத்தில் ஒண்ணு போலத் தெரியும். பெரிசை வேற பையில் வச்சுக்கோங்க.

அறைக்கு ஜாலோ செயலியில் (அங்கே நம்ம வாட்ஸ்அப் மாதிரி) எழுதுங்க, மின்னஞ்சலை யாரும் பார்க்க மாட்டாங்க. மூணே விஷயம் கேளுங்க: தரைத்தள அறை இருக்கா, உயரம் மாத்தக்கூடிய சைக்கிள் ரெண்டு இருக்கா, மீன் சாறு இல்லாம சமைப்பாங்களா. மூணுக்கும் "சரி" வந்த வீட்டில் முன்பணம் கட்டலாம். முன்பணமே கேட்காத வீடுகளும் உண்டு, அங்கே போறதுக்கு முந்தின நாள் இன்னொரு தடவை நினைவுபடுத்திடுங்க.

காவிரிக்கரை:
ஜாலோ இறக்கியாச்சு. ரெண்டு வீட்டுக்கு எழுதிட்டேன். ஒரு வீட்டில் "சைக்கிள் இருக்கு, உயரம் மாத்தலாம், மீன் சாறுன்னா கொஞ்சமாவது போடலாமா?"ன்னு கேட்டிருக்காங்க.

தயிர்சாதம்:
கொஞ்சமும் கூடாதுன்னு திருப்பி எழுதுங்க. உடனே.